மாட்டைக் குறைக்காதீர்கள், பால் இல்லாத நாளைக் குறையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டாக்காரர்களிடம் மீத்தேன் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து வாயு எடுக்க வந்த திட்டமும், அதை எதிர்த்து நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பேசியதும், 2020-ல் இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவித்ததும்தான். அந்த மீத்தேன் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று விரட்டிய ஊரில், இப்போது கொட்டகையில் நிற்கிற மாடே பூமியைச் சூடாக்குகிற மீத்தேனை விடுகிறது என்று போன வாரம் நீங்கள் கட்டுரை போட்டீர்கள். எங்கள் பால் சொசைட்டி வாசலில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். "அடுத்து மாட்டுக்கு மாஸ்க் மாட்டச் சொல்வான்" என்று ஒரு பெரியப்பா சொல்ல, கேனோடு நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை, விஷயம் உண்மைதான். ஆனால் மாட்டு எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிற மாதிரி முடித்திருந்தீர்களே, அதுதான் உறுத்துகிறது. மூன்று ஜெர்சி கலப்பு மாட்டை வைத்து இருபது வருஷமாகப் பால் ஊற்றுகிறவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது, இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கார்ட்டூன். வாயு மாட்டின் பின்பக்கத்திலிருந்து புகைமாதிரி வருவதாக வரைந்திருந்தீர்கள். மாடு விடும் மீத்தேனில் பெரும்பங்கு வாய் வழியாகத்தான் வருகிறது, ஏப்பமாக. ராத்திரி கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், படுத்திருக்கிற மாட்டின் கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறுவது தோலுக்கு வெளியிலேயே தெரியும், அசை போட்டு முடித்ததும் அது இறங்கும், அடுத்தது ஏறும், நடுவில் புளித்த வைக்கோல் வாடையோடு ஒரு ஏப்பம் வரும். வயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைக்கும்போது உண்டாகிற வாயு அது. நாம் தின்ன முடியாத வைக்கோலைப் பாலாக்குகிற வேலைக்கு அது கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் அந்தக் கூலியை நான்தான் கொடுக்கிறேன். மாட்டுக்குப் போடுகிற தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படி வாயுவாகவே போய்விடுகிறது என்கிறார்கள், தீவனம் மட்டமாக இருந்தால் அந்தப் பங்கு கூடும். புண்ணாக்கு விற்கிற விலையில் அதுவும் என் காசுதானே! உலகத்துக்கு நல்லது, எனக்கு நஷ்டம் என்கிற கதை இதில் இல்லை. இரண்டும் ஒரே பக்கம்தான் நிற்கிறது, அதை யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

என் மாட்டுக் கதையையே சொல்கிறேன். நடு மாடு மூன்றாம் ஈத்துக்குப் பிறகு சினை நிற்கவில்லை. ஐந்து சினை ஊசி போட்டும், கன்று போட்டதிலிருந்து 14 மாதம் கழித்துத்தான் நின்றது. அது சனிக்கிழமை ராத்திரி கத்தும், ஞாயிற்றுக்கிழமை ஊசி போட ஆள் வராது, திங்கட்கிழமை வந்து போட்டால் பருவம் தாண்டியிருக்கும், அப்புறம் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். 14 மாதத்தோடு சினைக்காலம் 9 மாதத்தையும் கூட்டினால் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவில் 23 மாதம் ஆகிறது. நல்லபடியாக இருந்தால் 13, 14 மாதத்துக்கு ஒரு கன்று போட வேண்டிய மாடு அது. 10 மாதம் கறந்தது, மீதி 13 மாதம் சும்மா தின்றது, சும்மா அசை போட்டது, சும்மா ஏப்பம் விட்டது. இந்த வாயுவை எந்தப் பாலின் கணக்கில் எழுதுவீர்கள்?

இந்தியா மாதிரி நாடுகளில் ஒரு லிட்டர் பாலுக்கு வருகிற வாயு அதிகம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் மாடு அதிகம் ஏப்பம் விடுவதால் அல்ல, வகுப்பதற்குப் பால் குறைவாக இருப்பதால். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் 2013-ல் போட்ட அறிக்கையில், மனிதர்களால் உண்டாகும் பசுங்குடில் வாயுவில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்றார்கள் (2023-ல் திரும்பக் கணக்குப் போட்டு 12 என்றார்கள்). அந்த 14.5-ஐத்தான் எல்லோரும் எடுத்து எழுதுகிறார்கள், நீங்களும்தான். அதே அறிக்கையில், ஒரே பகுதியில் ஒரே முறையில் மாடு வளர்ப்பவர்களில் நன்றாகச் செய்கிறவர்களின் வழியை மற்றவர்களும் பிடித்துக்கொண்டாலே 30 சதவீதம் வரை குறைக்கலாம் என்றும் இருக்கிறது. அதாவது பக்கத்துத் தெருவில் நல்லபடியாக மாடு வளர்க்கிறவரைப் பார்த்துச் செய்தாலே போதும்.

சரி, நன்றாகச் செய்வதென்றால் என்ன? எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறாள். லீவில் வந்தவள் என் மாட்டைப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுக்கு வயிறு நிறையுது, சத்துதான் இல்ல. வெறும் வைக்கோலைப் போட்டுட்டு சினை நிக்கலைன்னா எப்படி நிக்கும்?" என்றாள். தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை, கொஞ்சம் பச்சை, வைக்கோலை ஊறப்போட்டுக் கொடுப்பது, இவ்வளவுதான் அவள் சொன்ன மருந்து.

ஊறப்போடுவதென்றால் யூரியா போட்டு. மாமனார் ஒத்துக்கொள்ளவே இல்லை, வயலுக்கு வைத்திருந்த யூரியாவைத் தின்று மாடு செத்த கதை எல்லா ஊரிலும் உண்டு, அந்தப் பயமும் நியாயம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, அதை 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, தார்ப்பாய் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி மண் அணைத்து 21 நாள் விட்டோம். திறந்த அன்று கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு நெடி. வைக்கோல் மஞ்சள் மாறித் தேன் நிறத்தில், கையில் எடுத்தால் துவண்டது. கொஞ்ச நேரம் உதறிக் காயவிட்டு வைத்தேன். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது, மறுநாள் மேலே தவிடு தூவினேன், நாலாவது நாள் தொட்டியையே நக்கியது. கன்றுக்கு மட்டும் போடவில்லை, ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு ஆகாது. அந்த மாடு அதற்கப்புறம் போட்ட ஊசியில்தான் சினை நின்றது. அடுத்த ஈத்தில் வேளைக்கு ஒரு லிட்டர் கூடக் கறக்கிறேன். மாடு விடுகிற மொத்த ஏப்பம் குறைந்திருக்குமா என்றால், இருக்காது, அது முன்னைவிட அதிகம்தான் தின்கிறது. லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் நிச்சயம் குறைந்திருக்கும்.

ஆனால் ஊறப்போட வைக்கோல் வேண்டுமே! இந்த டெல்டாவில் வைக்கோலுக்குப் பஞ்சம் என்றால் யாராவது நம்புவார்களா? தை, மாசியில் அறுவடை மெஷின் இறங்கிய மறுநாளே வைக்கோல் கட்டுகிற பேலர் மெஷின் வந்துவிடுகிறது, உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றினால் பாதி கேரளாவுக்குப் போகிறது. வயலில் அடுத்த வேலை நடக்க வேண்டுமே என்று நாமும் கொடுத்துவிடுகிறோம், பங்குனி, சித்திரையில் அதே கட்டை இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறோம். வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் இருந்த காலம் போயே போய்விட்டது. பச்சைத் தீவனத்துக்கும் அதே கதி. தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலாவுக்கு எல்லோரும் தொட்டி போட்டோம், பாதித் தொட்டியில் இப்போது கொசுதான் வளர்கிறது. எனக்குத் தெரிந்து நிலைத்தது வாய்க்கால் கரையில் நட்ட கோ-4 புல்லும் வேலியோர அகத்தியும்தான்.

இந்த லிட்டர் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து நாட்டு இனமான உம்பளச்சேரி மாடு நாளைக்கு இரண்டு லிட்டர் கறந்தால் அதிகம். லிட்டரால் வகுத்தால் உலகத்திலேயே மோசமான மாடு என்று வரும். ஆனால் அது சேற்று வயலில் உழவு ஓட்டப் பிறந்த இனம், உப்புக்காற்றில் கிடைத்ததை மேய்ந்து காலம் தள்ளும், தீவன மூட்டை கேட்காது. டிராக்டர் வந்தபின் அதற்கு வேலை இல்லை, இப்போது மீத்தேன் கணக்கும் வந்தால் கொருக்கை அரசுப் பண்ணையில் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும்.

சாணத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு பத்தி இருந்தது. எங்கள் மாதிரி வீடுகளில் அது சின்னக் கணக்கு. வயலில் கிடை போட்டாலும் வறட்டி தட்டிக் காயவைத்தாலும் காற்று படுவதால் மீத்தேன் அதிகம் வராது, ஈரமாகக் குழியில் குவித்தால்தான் வரும். சாண எரிவாயு நல்லதுதான், ஆனால் 2 கன மீட்டர் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணம் வேண்டும், என் மூன்று மாடும் பகலெல்லாம் மேய்ந்துவிட்டுப் பாதியை வழியிலேயே போட்டுவிட்டு வருகின்றன.

2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் மீத்தேனை 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பதாக நிறைய நாடுகள் கையெழுத்துப் போட்டன, இந்தியா போடவில்லை. சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். டென்மார்க் 2030 முதல் மாட்டு வாயுவுக்கு வரி போடப் போகிறது, நியூசிலாந்து அந்த மாதிரி யோசனையை 2024-ல் கைவிட்டது. அங்கே நூற்றுக்கணக்கில் மாடு வைத்திருக்கிறவர்களின் கதை வேறு. கையெழுத்துப் போடாததோடு வேலை முடிந்துவிட்டது என்று இருப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெங்களூரில் மத்திய அரசின் கால்நடை உணவியல் நிறுவனம் துவர்ப்புச் சத்துள்ள செடிகளிலிருந்து ஹரித் தாரா என்று ஒரு தீவனச் சேர்க்கை செய்திருக்கிறது, மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையுமாம். எங்கள் சொசைட்டியில் கேட்டால் அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊசி போட ஓர் ஆள், சொசைட்டிக் கடையில் தாது உப்புப் பாக்கெட், அறுவடை நேரத்தில் உள்ளூர் மாட்டுக்காரர்களுக்கு முதலில் வைக்கோல் கட்டு கொடுத்துவிட்டு லாரி ஏற்ற வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. குறைதீர் கூட்டத்தில் இந்த மூன்றையும் எழுதி மனுவாகக் கொடுத்திருக்கிறேன், ரசீது கையில் இருக்கிறது.

அடுத்த முறை கார்ட்டூன் போட்டால் வாயிலிருந்து போடுங்கள். கோ-4 கரணை வேண்டுமென்கிறவர்கள் எங்கள் ஊர் சொசைட்டியில் காலைப் பால் நேரத்தில் வந்து கேட்டால் வெட்டித் தருகிறேன், சாக்கு மட்டும் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பால்காரி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.