அந்த பர்க் வேற, இந்த பர்க் வேற

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

எஃப்ஐஆர் போட மாட்டேங்கற கொடுமையப் பத்தி போன இதழ்ல வந்த கட்டுரை ரொம்ப தேவையான ஒண்ணு, வீட்டுல எல்லாரையும் படிக்கச் சொன்னேன். ஆனா நடுவுல ஒரு வரி இடிக்குது. புகாரைப் பதியாம அமுக்குறதுக்கு போலீஸ் வட்டாரத்துல 'பர்க்கிங்'னு பேரு, அது எட்மண்ட் பர்க்ங்கற பிரிட்டிஷ் எம்.பி. பேர்ல இருந்து வந்துச்சுன்னு போட்டிருக்கீங்க. சார், அந்த மனுஷன் பாவம், விட்டுடுங்க. அவரு 1797லயே போய்ச் சேர்ந்துட்டாரு, இந்த வினைச்சொல் பொறந்ததே 1829லதான். அதுவும் இல்லாம அவரு அமுக்குற ஆளும் இல்ல. ஆர்க்காடு நவாப் தலையில கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க வட்டிக்கு மேல வட்டி ஏத்தி வச்சிருந்த கடனை 1785ல பார்லிமென்ட்ல போட்டு உடைச்சவரு, அப்புறம் இங்க கவர்னர் ஜெனரலா இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸையும் விசாரணைக் கூண்டுல நிறுத்துனவரு. (சென்னையில வாலாஜா ரோடுல போறவங்களுக்கு, அந்த நவாப்தான் இந்த வாலாஜா.)

நீங்க தேட வேண்டிய ஆளு வில்லியம் பர்க். இவரும் அயர்லாந்துல பொறந்தவருதான், ஒத்துமை அதோட முடிஞ்சுது. ஸ்காட்லாந்துல இருக்கற எடின்பரோவுல டாக்டருக்குப் படிக்கற பசங்க அறுத்துப் பாக்க பொணம் கிடைக்காது, தூக்குல போட்ட கொலைகாரன் உடம்பு மாதிரி கொஞ்சம்தான் சட்டப்படி கிடைக்கும், அது எத்தனை பேருக்குப் பத்தும்? 1827 கடைசியில ஹேர்ங்கறவரோட லாட்ஜ்ல வாடகை பாக்கி வச்சிட்டு ஒரு கிழவரு தானா செத்துப் போனாரு. ஹேரும் பர்க்கும் அந்த உடம்பை டாக்டர் ராபர்ட் நாக்ஸ் நடத்துன அனாட்டமி ஸ்கூலுக்குக் கொண்டு போனா ஏழரை பவுண்டு கையில வருது. அட இவ்ளோ சுலபமான்னு 1828ல மட்டும் 16 பேரைக் கொன்னு வித்தாங்க. சாராயத்தை ஊத்திக் கொடுத்து, நெஞ்சு மேல ஏறி அமுக்கி, மூக்கையும் வாயையும் பொத்திடறது. வெட்டு இல்ல, குத்து இல்ல, உடம்புல அடையாளமே இருக்காது. அடையாளம் இருந்தா விலை போகாதே!

மாட்டுனதும் ஹேர் அப்ரூவராகி தப்பிச்சிட்டாரு. 1829 ஜனவரி 28ல பர்க்கைத் தூக்குல போட்டாங்க, கூடியிருந்த ஜனம் கயிறு எதுக்கு, 'பர்க் பண்ணுங்கடா அவனை'ன்னு கத்துச்சாம். ஆளோட பேரு அங்கயே வினைச்சொல் ஆயிடுச்சு. அவரு உடம்பையும் அறுத்தாங்க, எலும்புக்கூடு இன்னிக்கும் எடின்பரோ யுனிவர்சிட்டி மியூசியத்துல நிக்குது. 1832ல அனாட்டமி சட்டம் வந்து, யாரும் கேக்காத உடம்பைப் படிப்புக்குக் கொடுக்கலாம்னு ஆனதும் இந்த வியாபாரம் படுத்துடுச்சு. சொல்லு மட்டும் தங்கிடுச்சு. மூச்சை அமுக்குறதுங்கறது போய் விசாரணைய அமுக்குறது, மசோதாவை அமுக்குறதுன்னு ஆச்சு. இப்ப இங்கிலாந்துல அகராதிக்கு வெளிய அந்தச் சொல்லைப் பாக்கறதே அபூர்வம், நம்ம போலீஸ் ஃபைல்ல மட்டும் உயிரோட இருக்கு.

உயிரோடன்னா சும்மா இல்ல, சுப்ரீம் கோர்ட்டே எழுதியிருக்கு. லலிதா குமாரி வழக்குல 2013 நவம்பர் 12ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச் கொடுத்த தீர்ப்புல இந்தச் சொல் வருது, பிடிவாரண்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்லயே தெரிஞ்சா எஃப்ஐஆர் போட்டே ஆகணும்னு சொன்னதும் அந்தத் தீர்ப்புதான். பெஞ்சுக்குத் தலைமை எங்க பவானி பக்கத்துல பொறந்த நீதியரசர் சதாசிவம், அதுல எங்க ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆளை மாத்திப் போட்டா என்ன இப்பன்னு கேக்கலாம். விஷயமே அந்த ஆளுலதான் இருக்கு சார். அடையாளம் இல்லாம கொல்றதுதான் பர்க்கிங். எஃப்ஐஆர் நம்பர் இல்லாத புகாரும் அப்படித்தான், நடந்ததுக்கே தடயம் இருக்காது. என் செல்போனை பஸ் ஸ்டாண்டுல அடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தேன், 'தொலைஞ்சு போச்சு'ன்னு மாத்தி எழுதுங்கன்னாங்க, ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் (புகார் வாங்கிக்கிட்டோம்னு மட்டும் சொல்ற சீட்டு, கேஸ் இல்ல) கொடுத்து அனுப்பிட்டாங்க. சின்ன தகராறு, காணாம போன சர்டிபிகேட்டுக்கெல்லாம் சிஎஸ்ஆர் சரி, திருட்டுக்கு எப்படி சரி? அந்த வருஷத்துக் குற்றக் கணக்குல என் போன் திருட்டே போகலன்னு ஆயிடுச்சு.

அதுக்காக ரைட்டரையும் எஸ்ஐயையும் மட்டும் திட்டி பிரயோஜனம் இல்லன்னு நினைக்கறேன். நாக்ஸ்னு ஒருத்தரு இருந்தாரு இல்ல, உடம்பு எங்கிருந்து வந்துச்சுன்னு துருவிக் கேக்காம காசைக் கொடுத்தவரு, அவரு மேல கேஸே இல்ல. ஊர் ஜனம் அவரு கொடும்பாவியக் கொளுத்துனதோட சரி. உங்க லிமிட்ல திருட்டு ஏன் கூடிடுச்சுன்னு மாசாமாசம் மீட்டிங்ல வறுத்தெடுக்கற மேலதிகாரியும், குற்றம் குறைஞ்சுடுச்சுன்னு மேடையில பேசற அரசியல்வாதியும், நம்பர் கூடுனா உடனே சட்டம் ஒழுங்கு கெட்டுப் போச்சுன்னு தலைப்பு போடற பத்திரிகையும் (உங்களையும் சேர்த்துத்தான் சார், கோவிச்சுக்காதீங்க) அந்த நாக்ஸ் வேலையத்தான் பாக்கறாங்க. குறைஞ்ச நம்பரை யாரும் கேள்வி கேக்காம வாங்கிக்கறோம், கீழ இருக்கறவரு அதைத் தயார் பண்ணிக் கொடுக்கறாரு. கேஸ் எண்ணிக்கை கூடுன ஸ்டேஷன் ஒழுங்கா பதியற ஸ்டேஷனாவும் இருக்கலாமே.

ஒரு திருத்தம் போடுங்க. கூடவே உங்க கட்டுரையில விட்டுப் போனதையும் சேர்த்துப் போட்டா உபயோகமா இருக்கும். 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்கற புதுச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 173ஆவது பிரிவுதான் இதுக்கு, எந்த ஏரியாவுல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் கொடுக்கலாம், ஆன்லைன்ல அனுப்பிட்டு மூணு நாளுக்குள்ள போய் கையெழுத்து போடலாம், போட மாட்டேன்னா எஸ்பிக்குத் தபால்ல அனுப்பலாம், அங்கயும் ஒண்ணும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட் கிட்ட போகலாம். பெட்டி கட்டி கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க சார், வெட்டி வச்சுக்க வசதியா இருக்கும்.

இப்படிக்கு
உங்க வாசகன்,
ஈரோடு