வலை பின்னும் கூடம்: பணி நிறைவும் வரவு செலவும்

நாட்டாருக்கும் தலைக்கட்டுதாரர்களுக்கும் கூடக் கமிட்டியின் வணக்கம்.

கூடம் முடிந்தது. 60 அடி நீளம், 24 அடி அகலம், 12 தூண். மதிப்பீடு 14,20,000 ரூபாய், ஆனது 15,86,000. கூடுதலான 1,66,000 எங்கே போனது என்று கரையில் பேசுவது எங்கள் காதிலும் விழுகிறது. அதனால் முதலில் அது.

கிழக்கு வரிசையில் நாலு தூணை இடித்துக் கட்டியதில் 68,000. கூரைக்கு இரும்புத் தகட்டை விட்டு அலுமினியத்துக்கு மாறியதில் 62,000. தண்ணீர் லாரிக்கு 36,000. எண்ணூரில் போர்வெல் தண்ணீர் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்புத் தண்ணீரில் கான்கிரீட் போட முடியாது, நனைக்கவும் முடியாது. மதிப்பீட்டில் இதைச் சேர்க்காதது எங்கள் பிசகு.

தூணை இடித்தது வீம்பு என்கிறவர்களுக்கு: பலகை பிரித்த அன்று மூன்றாவது தூணில் முழங்கால் உயரத்துக்குக் கம்பி வளையம் வரிவரியாக வெளியே தெரிந்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி குறையாமல் தாங்கும் 50 மில்லிமீட்டர் கட்டை, அதாவது கவர் பிளாக், வைக்கச் சொல்லியிருந்தோம். கடல் சாரல் படும் இடத்துக்குக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கேட்கும் அளவே அதுதான், நாங்களாகச் சொன்னதல்ல. கான்ட்ராக்டர் ஆட்கள் வைத்ததோ ஜல்லித் துண்டு. கான்கிரீட்டைக் குத்தும்போது அது நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொண்டது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் உதிர்ந்ததில் கிளிஞ்சல். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லோடு வராத அன்று கரை மணலை அள்ளிக் கலந்திருக்கிறார்கள். குவியலில் மிச்சமிருந்த மணலை லேப்பில் கொடுத்தோம். சுத்தமான தண்ணீரில் குலுக்கி வடிகட்டி, சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டதும் பாலாக வெளுத்தது. உப்பு.

“பூசிவிட்டால் தெரியாது, இருபது வருஷம் நிற்கும்” என்றார் கான்ட்ராக்டர். உப்பு உள்ளேயே இருக்கும்போது மேலே பூசி என்ன ஆகும்? கம்பி துருவேறிப் பருக்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய கூடத்தில் வலை பின்ன உட்கார்ந்தவர் தலையில் காரை பெயர்ந்து விழுந்தது அப்படித்தான். இடித்தோம். கான்ட்ராக்டர் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார், வேறு மேஸ்திரி வைத்து முடித்தோம். மதிப்பீட்டுத் தொகையில் ஐந்து சதவீதத்தை வேலை சரியாக முடியும்வரை பில்லில் பிடித்து வைத்திருந்தால் 71,000 நம் கையில் நின்றிருக்கும், தூண் செலவு ஊர் தலையில் விழுந்திருக்காது. அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் இல்லை. எழுதியவர்கள் நாங்கள்தான்.

கூரையில் அலுமினியம் இரும்புச் சட்டத்தைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டை வைத்திருக்கிறோம். நேராகத் தொட்டால் உப்பு ஈரத்தில் தகடு அரித்து ஓட்டை விழும். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடுவதால் ஒவ்வொரு பற்றிலும் ஜிங்க் பெயின்ட் இரண்டு கை அடித்திருக்கிறது. வருஷா வருஷம் வாடைக்கு முன்னால் அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

தரை வழவழப்பாக இருப்பது அழகுக்காக அல்ல. சொரசொரப்பில் இழுத்தால் வலைக்கண் மாட்டி அறுகிறது. தூண் முனைகளை மழுக்கியதும் அதற்காகவே. கொக்கிகள் 316 ரக ஸ்டெயின்லெஸ், ஏழடி உயரத்தில், மூன்றடிக்கு ஒன்று. நைலான் நரம்பு வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும், ஆகவே வேலை இல்லாத வலையும் நிழலில்தான் கிடக்க வேண்டும்.

மீன் ஏலத் தளத்தின் சரிவு, கால்வாய், லைட் வேலைகளும் முடிந்தன.

மீன்பிடித் தடைக்காலத்தில் கூட வேலையை ஏன் ஆரம்பிக்கவில்லை என்றும் கேட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் கட்டிக் கிடப்பது லாஞ்சுகள், அதாவது பெரிய விசைப்படகுகள். நம் பைபர் படகுகள் நாலு காசு பார்க்கிற நாட்களே அவைதான். அப்போது கரையை அடைத்துப் பலகை கட்டியிருந்தால் எங்களைத்தான் முதலில் வைதிருப்பீர்கள்.

வரவு: 212 தலைக்கட்டு, தலைக்கு 3,000 வீதம் 6,36,000. 74 பைபர், 5,000 வீதம் 3,70,000. நன்கொடை 5,50,000. அதில் கப்பல் வேலையில் இருக்கும் மூன்று பிள்ளைகள் 1,50,000, கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள் 1,20,000, காசிமேட்டில் வலைக்கடை வைத்திருக்கும் நம் ஊர் மாப்பிள்ளை 1,00,000, ஐஸ் வியாபாரி 50,000, கருவாட்டுக்காரர்கள் 42,000, கூடை தூக்கும் பெண்கள் 38 பேர் ஆளுக்கு ஆயிரமாக 38,000, நண்டு ஏஜென்ட் 30,000, பேர் போட வேண்டாம் என்றவர் 20,000. அந்த 38 பேருக்கும் ஐஸ் பெட்டி வைக்க மேற்கு ஓரத்து இரண்டு கட்டம். இதில் பேரம் கிடையாது.

ஹார்ட்வேர் கடைக்கு 30,000 பாக்கி. பில்களும் நோட்டும் கோயில் பெட்டியில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

எண்ணெய் பட்ட வலை கூடத்துக்குள் வரக்கூடாது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தபோது, ஒரு வலையிலிருந்து பக்கத்து வலைக்கு ஒட்டியதைப் பார்த்தோம். வெளித் தொட்டியில் அலசிக் காயவைத்த பிறகே உள்ளே.

தெற்குக் கோடியில் ஒரு கொக்கி இப்போதே வளைந்திருக்கிறது. வலை மாட்டும் கொக்கியில் என்ஜினை மாட்டியது யாரென்று கேட்கப் போவதில்லை. புதுக் கொக்கி 450 ரூபாய். மாட்டியவர் வாங்கிக் கொடுத்துவிடவும்.

கூடக் கமிட்டி