பாம்பன் கரையிலிருந்து, சாகச முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயணக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்களைக் கூட்டிவந்து, காலையில் கயாக், மத்தியானம் கன்று நடுவது, ராத்திரி கடற்கரையில் கூடாரம் என்று இராமநாதபுரம் கரையோரம் இரண்டு நாள் முகாம் நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஐந்து வருடமாக உங்கள் முகாம்களுக்குச் சாப்பாடு சொல்லிவைப்பதும், வள்ளக்காரர்களைப் பேசி முடிப்பதும், வந்த பிள்ளைகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசுவதும் நான்தான். என் அம்மா கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கிறவர். பாட்டிக்கும் அதுதான் தொழில்.

பிள்ளைகள் வருவது எனக்குப் பிடிக்கும். முதல் தடவையாகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை விட்ட ஒரு பெண், தலையைத் தூக்கியதும் "அக்கா, கீழே ஒரு ஊரே இருக்கு" என்று கத்தினாள். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை போன் செய்து கடல் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். அதனால் முகாமை நிறுத்துங்கள் என்று நான் எழுதவில்லை. என்ன வேலை செய்வது, எப்போது செய்வது என்பதை இந்தக் கரையில் இருக்கிறவர்கள் முடிவு செய்யட்டும், அதற்குரிய கூலியை அவர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு விளம்பரம் வந்தது. "மழைக்காட்டுத் தன்னார்வப் பயணம், இனி நம் கரையிலேயே." படத்தில் கொடிகள் தொங்குகிற பெரிய பச்சைக் காடு. நம் மாவட்டத்தில் அப்படி ஒரு காடு கிடையாது. மழைக்காடு பார்க்க வேண்டுமென்றால் வால்பாறைப் பக்கம் போக வேண்டும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை வைத்துத்தான் வருடம் ஓடுகிறது. கரையில் பனை, உடை, சீமைக்கருவேலம், அவ்வளவுதான். எங்கள் காடு பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கிறது. காரங்காட்டுப் பக்கம் அலையாத்திக் காடு, பாக் விரிகுடாவில் ஆவுளியா என்கிற கடல்பசு மேய்கிற கடல்புல், தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளப் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடலை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. அந்தத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது கடலுக்குள் மூழ்கிவிட்டன. பல வருடம் பார்க்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றி அனுப்பியது அதற்கு ஒரு காரணம். அந்த வேலைக்குப் போனவர்கள் எங்கள் ஆட்களிலும் இருந்தார்கள். அதை மறைக்க மாட்டேன்.

சரி, அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். விடியுமுன் வாசலில் உட்கார்ந்து பழைய சேலையை விரல் அகலத்துக்குக் கிழிப்பார். ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போடுவார். கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு சுற்று. மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டி வளரும். பாறை விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். முன்பு இரும்பு வைத்துச் சுரண்டினார்கள், வேலை சுருக்கமாக முடியும், ஆனால் பாறையும் சேர்ந்து பெயரும். அதை விட்டுவிட்டு விரலால் கிள்ளுவது என்று பெண்களே முடிவு செய்தார்கள். விரல் கிழிந்தது, துணி சுற்றிக்கொண்டார்கள். மாதத்துக்கு 12 நாள்தான் கடலில் இறங்குவது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாள் பாசிக்கும் ஓய்வு விடுவது, இதுவும் அவர்கள் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருது கிடைத்தது இந்தக் காரியத்துக்காகத்தான். உங்கள் முகாமுக்கு வருகிற பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லாமல் எப்படித் தெரியும்?

ஒருநாள் ஒரு பையன் ஆர்வத்தில் பாசியை வேரோடு அள்ளிக்கொண்டு வந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து, "வேரோட புடுங்காத தம்பி. கொழுந்த மட்டும் கிள்ளு. அடி பாறையில இருந்தா அது மறுபடி வந்துரும்" என்றார். பக்கத்தில் நின்ற எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். அந்த முகாமிலேயே பாதுகாப்பைப் பற்றிய உருப்படியான பாடம் அந்த ஒரு நிமிடம்தான் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குச் சம்பளம் வாங்கிய பயிற்சியாளர் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் கொடுத்தார்கள்.

அப்புறம் அந்தக் கன்றுகள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழு (பெயர் வேண்டாம்) தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு சேற்றுத்திட்டில் அறுநூறு அலையாத்திக் கன்றுகளை ஒரே காலையில் நட்டது. நானும் கூட நின்று நட்டேன். அங்கே வலை போட வந்த ஒரு பெரியவர், "இந்த எடத்துல அது நிக்காதும்மா, தண்ணி ரொம்ப நேரம் நிக்கும்" என்று என்னிடம் சொன்னார். நான் ஏற்பாட்டாளரிடம் சொன்னேன். பஸ் பத்தரை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றார். எட்டு மாதம் கழித்து நீர் வற்றிய நேரத்தில் போய்ப் பார்த்தேன். மூங்கில் குச்சிகள் வரிசை கலையாமல் நின்றன. கன்றுத் தண்டுகளில் ஓட்டோடு ஒட்டி வளர்கிற கொட்டலசு அப்பிக்கொண்டு, அந்தப் பாரத்தில் தலை சாய்ந்து சேற்றில் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கறுத்த வேர் கையோடு வந்தது. குச்சிகளுக்கு நடுவில் உள்ளான் பறவைகள் இரை தேடிக்கொண்டிருந்தன. அது அவற்றின் மேய்ச்சல் நிலம். அங்கே மரம் வளர வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் வளர்க்கப் பார்த்தோம்.

அலையாத்தி எங்கே வரும் எங்கே வராது என்பது தண்ணீர் எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது, எவ்வளவு நேரம் வடிகிறது என்பதைப் பொறுத்தது. பிச்சாவரத்தில் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து செய்ததைப் படித்துப் பாருங்கள். மரம் வெட்டி எடுத்த இடங்கள் பள்ளமாகி, கடல்நீர் வந்து தேங்கி, உப்பேறிச் செத்துக் கிடந்தன. அவர்கள் முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். பெரிய வாய்க்காலிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் மாதிரிக் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியது, உப்பு குறைந்தது, அதற்குப் பிறகுதான் கன்று. அடைபட்ட வாய்க்காலைத் தூர்வாரும் வேலைக்கு உங்கள் பிள்ளைகளின் கைகள் எவ்வளவோ உதவும். சேறு இடுப்புவரை ஏறும், சாகசத்துக்கும் குறைவிருக்காது.

நீங்கள் அடிக்கடி உதாரணம் காட்டுகிற கோஸ்டாரிகாவுக்கு வருகிறேன். அங்கே ஓசா தீபகற்பத்தில் கொர்கொவாடோ என்ற தேசியப் பூங்கா 1975இல் உண்டானது. கடலை ஒட்டிய மழைக்காடு. உலகம் முழுவதிலிருந்தும் சாகசப் பயணிகளும் தன்னார்வலர்களும் அந்தப் பக்கம் போகிறார்கள். 2014 முதல் சான்று பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் அந்தப் பூங்காவுக்குள் நுழைய முடியாது. 1996 வனச் சட்டத்தின்படி, தன் நிலத்தில் காட்டை அழிக்காமல் வைத்திருக்கிற விவசாயிக்கு அரசு பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. காட்டைக் காக்கிறவனுக்குக் காசு போய்ச் சேரும்படி சட்டத்திலேயே வழி செய்திருக்கிறார்கள். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். மாதத்தில் பதினெட்டு நாள் பாசியைத் தொடாமல் விடுகிற பெண்ணுக்கு அந்தப் பதினெட்டில் நான்கு நாள் முகாமில் ஆசிரியர் வேலை கொடுத்தால், அவள் வீட்டு உலை கொதிக்கும், உங்கள் பிள்ளைகளும் கடலைக் கற்றுக்கொள்வார்கள்.

மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடையில் பவளத்தின்மேல் கப்பாபைகஸ் என்கிற பாசி படர்ந்திருப்பது 2008இல் தெரிய வந்தது. இந்தப் பக்கத்துப் பாசி இல்லை அது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் வளர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. அதை வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் எங்கள் சொந்தத்திலும் உண்டு, அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பவளத்தைப் போர்வை மாதிரி மூடினால் பவளம் சாகும். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். உடைந்து விழுகிற ஒரு சின்னத் துண்டு போதும், வேறொரு இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்துவிடும். அதனால்தான் "களைப்பாசி அகற்றும் சவால்" என்று யாராவது திட்டம் போட்டால் எனக்குப் பயம் வருகிறது. பத்து நிமிடம் விளக்கிச் சொல்லி இருபது பேரைத் தண்ணீரில் இறக்கினால், அவர்கள் எடுப்பதைவிடப் பரப்புவது அதிகமாகிவிடும். அந்தத் தீவுகளுக்குள் அனுமதியில்லாமல் போவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். என் பாட்டி காலத்தில் தங்கிப் பாசி காயவைத்த மணல் அது. இன்றைக்கு எங்களுக்கே அங்கே கால் வைக்க முடியாது. "ரகசியத் தீவுப் பயணம்" என்று விளம்பரம் வந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

கடலில் இறங்குகிற விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இது உயிர்ப் பிரச்சினை. பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்போம், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்போம். ஒன்று சாது, மற்றது முரடு என்று அதை வைத்து நினைத்துவிட வேண்டாம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடலான பாக் விரிகுடா கொந்தளிக்கும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். தெற்கேயிருந்து சோழகக் காற்று எழும்பினால் தலைகீழ். அதனால்தான் எங்கள் நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்குத் தகுந்த மாதிரி கரை மாறித் தொழிலுக்குப் போகிறார்கள். பாம்பன் கால்வாயில் ஓடுகிற நீரோட்டம் தேர்ந்த படகோட்டியையே திருப்பிவிடும். தனுஷ்கோடிக் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் குளிக்கக்கூடாது என்று சொல்வது சும்மா இல்லை. போனில் காற்றின் வேகம் பார்ப்பது நல்லதுதான், பாருங்கள். கூடவே கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் "இன்னிக்கு வேண்டாம்" என்றால் அன்றைய கயாக்கைக் கட்டிவையுங்கள். பணம் கட்டி வந்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்பது எனக்கும் தெரியும். வருத்தம் ஒரு நாளில் போய்விடும்.

தனுஷ்கோடியில் பூநாரைகள் வருகிற இடத்தை 2025இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். கயாக்கில் நெருங்கிப் போய்க் கூட்டம் மொத்தமாக எழும்புவதைப் படமெடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அவை தின்றது வீணாகிறது. பங்குனி ஆமை முட்டையிட ஏறுகிற மாதங்களில் ராத்திரிக் கடற்கரையில் கூடாரமும் விளக்கும் வேண்டாம். ஆமைக்காக ராத்திரியில் நடக்க ஆசை இருந்தால், சென்னையில் மாணவர்கள் 1988 முதல் எப்படி நடக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். கரை சுத்தம் செய்யும்போது காய்ந்து ஒதுங்கிய கடல்புல்லையும் குப்பையோடு வாரிவிடுகிறார்கள், அதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அது மணலைப் பிடித்து வைக்கிறது, பூச்சிக்கும் நண்டுக்கும் இரையாகிறது. அறுந்த வலையையும் நைலான் கயிற்றையும் எடுங்கள், எவ்வளவு எடுத்தாலும் நல்லது.

இனி நான் கேட்பது. வருகிற மாசியில் ஒரே ஒரு குழுவை அனுப்புங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு நாள் போதாது, ஏழு நாள் வேண்டும். தேதியை நீங்கள் சனி, ஞாயிறு பார்த்துக் குறிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமி பார்த்து நாங்கள் சொல்கிறோம். பாசி எடுக்கிற பெண்கள் ஐந்து பேரும், வள்ளக்காரர் இருவரும் ஆசிரியர்களாக இருப்பார்கள். உங்கள் பயிற்சியாளருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் அவர்களுக்கும். முதல் நாள் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், கரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கன்று நடுவதாக இருந்தால் அடுத்த வருடம் அதே குழுவில் பாதிப்பேராவது திரும்ப வந்து உயிரோடு நிற்பதை எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும், பூஜ்யமாக இருந்தாலும்.

அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். பிள்ளைகள் வரும்போது ஆளுக்கொரு பழைய பருத்திச் சேலைத் துண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். நைலக்ஸ் வேண்டாமாம், தண்ணீரில் நழுவுமாம்.

அன்புடன்,
பாசி எடுக்கும் ஒருவரின் மகள்,
பாம்பன்