ஆய்வகத்துக்குள் கைபேசியை அனுமதியுங்கள்: பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். பள்ளி வளாகத்தில் கைபேசியைத் தடை செய்து நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் காரணங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவற்றை நானும் ஏற்கிறேன். போன வாரம் ஆய்வுக்கு வந்த அலுவலர் அதே சுற்றறிக்கையைக் காட்டி என் இயற்பியல் செய்முறை வகுப்பைப் பாதியில் நிறுத்தினார். பலூனில் நூல் கட்டி, நூலில் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டு, ஒரு மாணவி கையில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த கைபேசிகள் பறிமுதல் ஆயின. என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதை முறைப்படி அனுப்பிவிட்டேன். இந்த மடல் ஒரு விதிவிலக்கு கேட்டு எழுதுவது. செய்முறை வகுப்பு நேரத்தில், ஆசிரியரின் பொறுப்பில், கைபேசியை அளவுக் கருவியாகப் பயன்படுத்த அனுமதியுங்கள்.

பலூன் எதற்கு என்று அன்று யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு தரையைத் தொட ஏறக்குறைய 0.45 வினாடி ஆகும். எங்கள் லேபில் இருப்பதோ கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரம். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் 0.2 வினாடி போய்விடும். விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி கூடும் அளவுதான் புவியீர்ப்பு முடுக்கம். அது 9.8 வர வேண்டும். நேரம் அந்த அளவு கூடினால் 4.7 என்று வரும், குறைந்தால் 32 என்று வரும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 9.8 என்று விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கேற்ற நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு அட்டவணையை நிரப்புகிறார்கள். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். இது எங்களுக்குத் தெரியும், புறத்தேர்வாளருக்குத் தெரியும், உங்களில் ஆசிரியராக இருந்து மேலே வந்தவர்களுக்கும் தெரியும். அறிவியல் என்ற பேரில் 16 வயதுப் பிள்ளைக்குப் பொய் அளவீடு எழுதப் பழக்குகிறோம். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜெர்மனியின் ஆகன் நகரப் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2016-ல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலியில் ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் உண்டு. பலூன் வெடிக்கும் சத்தத்தில் ஓடத் தொடங்கும், குண்டு தட்டில் விழும் சத்தத்தில் நிற்கும். விரலுக்கு அங்கே வேலையே இல்லை. 10.2 வந்தால் பிள்ளைகள் 10.2 என்றே எழுதுகிறார்கள். ஏன் கூடியது என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வருகிறது. தட்டு வரை அளக்காமல் தரை வரை அளந்துவிட்டோம் என்று ஒருவன் கண்டுபிடித்து மறுபடி டேப்பை எடுக்கிறான். நான் பார்க்க விரும்பும் வகுப்பு இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைபேசிக்குள் முடுக்கத்தை உணரும் சில்லு ஒன்று உண்டு. அதே செயலியில் அந்த முடுக்கமானியைத் திறந்து கைபேசியை மேசைமேல் சும்மா வைத்தால் 9.8 காட்டும். அசையாத பொருளுக்கு முடுக்கம் எப்படி வந்தது என்று வகுப்பே கேட்கும். மெத்தைமேல் விழவிட்டால், விழும் நேரம் முழுக்க சுழியை ஒட்டிக் காட்டும். மேசை மேல்நோக்கித் தாங்கும் விசையைத்தான் அந்தச் சில்லு உணர்கிறது என்று புரியும்போது, எடையின்மை என்ற பாடம் பாதி முடிந்துவிடுகிறது. ஒலியின் வேகம், தனி ஊசலின் அலைவு நேரம், கம்பியில் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலம் எல்லாவற்றையும் இப்படியே அளக்கலாம். எல்லாக் கைபேசியிலும் காந்தமானி இருக்காது. ஆனால் ஒலிவாங்கி இல்லாத கைபேசி கிடையாது.

உங்கள் கவலை கவனச் சிதறல், படம் எடுத்தல், தவறான பயன்பாடு. இந்தச் சோதனைகளுக்குச் சிம் கார்டு தேவையில்லை, இணையம் தேவையில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டாலும் நடக்கும். குழுவுக்கு ஒன்று போதும். வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கைபேசிகளே போதும், எந்தப் பிள்ளையையும் வாங்கி வரச் சொல்ல வேண்டியதில்லை. அவை ஆய்வக அலமாரியில் பூட்டியிருக்கட்டும், சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும்.

வருகைப் பதிவு, புள்ளிவிவரம், நிகழ்ச்சிப் படங்கள் என எல்லாவற்றையும் எங்கள் சொந்தக் கைபேசியிலேயே கேட்கிறீர்கள். இரவு பத்து மணிக்கும் கேட்கிறீர்கள், நாங்களும் அனுப்புகிறோம். அதே கருவி ஒரு குண்டு விழும் நேரத்தை அளந்தால் ஒழுங்கீனம் என்கிறீர்கள். கருவி வாங்க நிதி இல்லை என்று ஒவ்வோர் ஆண்டும் பதில் வருகிறது. கையில் இருக்கும் கருவியையும் தொடக்கூடாது என்றால் நாங்கள் எதை வைத்துப் பாடம் நடத்துவது? மன்னிக்கவும், கோரிக்கைக்கே வருகிறேன்.

சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: செய்முறை வகுப்பில், ஆசிரியரின் மேற்பார்வையில், ஆய்வகத்திலேயே வைத்திருக்கும் கைபேசிகளை அளவீட்டுக்குப் பயன்படுத்தலாம். செய்முறைத் தேர்வுகள் தொடங்கும் முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கே வந்து செய்துகாட்டத் தயார். பலூனும் குண்டும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்