ஐந்து பேர், ஐந்து நிமிட வீடியோ: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

குழுவில் ஐந்து பேர், ஐந்து நிமிட வீடியோ, 'முதலாமாண்டு மாணவர்கள் செய்தியை எங்கிருந்து தெரிந்துகொள்கிறார்கள்' என்று தலைப்பு, அதோடு ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை, கையில் மூன்று வாரம் என்று எழுதியிருந்தாய். எந்த கேமரா நல்லது, எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது என்பதுதான் உன் முதல் கேள்வி. கையில் இருக்கிற போனே போதும். படம் சுமாராக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு காதில் விழாவிட்டால் அரை நிமிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குழு வீடியோ கெட்டுப்போவது பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து பேசாத சின்னச் சின்ன விஷயங்களால்தான். ஐந்து போனில் ஐந்து விதமான செட்டிங், ஹெட்போன் மாட்டிக் கேட்காமலே பதிவான ஒலி, யாருடைய போனில் எந்த ஃபைல் என்றே தெரியாத நிலை. எல்லாம் கடைசியில் எடிட்டிங்குக்கு உட்காருபவர் தலையில்தான் விடியும். அதனால் ஷூட்டிங்குக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியே இங்கே அதிகம் எழுதுகிறேன்.

'எல்லாரும் சேர்ந்து எல்லாத்தையும் செய்வோம்' என்று ஆரம்பிக்காதீர்கள். கேள்விகளும் ஸ்கிரிப்ட்டும் ஒருவர், கேமரா ஒருவர், ஒலி ஒருவர், எடிட்டிங் ஒருவர், அனுமதி வாங்குவதும் சப்டைட்டிலும் ஒருவர் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். ஒலிக்குப் பொறுப்பானவருக்கு ஷூட்டிங் நேரத்தில் வேறு வேலை கொடுக்கக் கூடாது. காதில் ஹெட்போனோடு அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'நிறுத்து, மறுபடி' என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். எடிட் செய்யப்போகிறவர் ஸ்கிரிப்ட் பேசும்போதே கூட இருக்கட்டும்.

ஸ்கிரிப்ட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுது. இடப்பக்கம் திரையில் என்ன தெரிகிறது, வலப்பக்கம் காதில் என்ன கேட்கிறது. எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சில் நேரம் பார். மனதுக்குள் படித்தால் கணக்கு தப்பும். ஐந்து நிமிட வீடியோவுக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் பேச்சு எழுதாதே. மூச்சு விடவும் தலைப்புக் காட்டவும் இடம் வேண்டும். ஒருவருடைய பேட்டியிலிருந்து கடைசியில் நிற்பது இருபது, முப்பது விநாடிதான். ஆறு பேர் என்றால் அதிலேயே இரண்டு, மூன்று நிமிடம் போய்விடும். பதினைந்து பேரைப் பேட்டி எடுத்துவிட்டுப் பத்துப் பேரைத் தூக்கி எறிவது அவர்கள் நேரத்துக்கும் மரியாதை இல்லை.

'செய்தித்தாள் படிப்பீர்களா?' என்று கேட்டால் 'ம்' என்று ஒரு பதில் வரும். 'நேற்று தெரிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்லுங்கள், அது எப்படிக் கண்ணில் பட்டது, உண்மைதானா என்று எங்கேயாவது பார்த்தீர்களா?' என்று கேட்டால் ஒரு சம்பவமே கிடைக்கும். கேள்வி வீடியோவில் வராது என்பதால், பதிலை முழு வாக்கியமாகச் சொல்லச் சொல். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதே. மூன்று விநாடி சும்மா இரு. வெட்டுவதற்கு அந்த இடைவெளி தேவை. தவிர, நல்ல வாக்கியங்கள் பல அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

கேமரா செட்டிங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் போனிலும் 1080பி (படத்தின் தெளிவைக் குறிக்கும் அளவு), ஒரே பிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு), போனைப் படுக்கவைத்து. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதி எல்லாவற்றிலும் அணைத்திருக்கட்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் நிறங்கள் வெளிறியும் எரிந்தும் ஒட்டாமல் நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், அது மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) ஒத்துப்போகாததால். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அங்கே விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 விநாடி வைத்தால் பட்டை மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 30 பிரேம், 1/60. முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடு. லென்ஸைத் துடை. ஏரோப்ளேன் மோடு போடு. நடுவில் அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவே நின்றுவிடும். 1080பி-யைவிடக் கூடுதல் தெளிவுள்ள 4கே ஆசை வேண்டாம். நிமிடத்துக்கு 350 எம்பி போல ஆகும், ஒரு மணி நேரம் எடுத்தால் 20 ஜிபியைத் தாண்டும், எடிட் செய்யும் லேப்டாப் திணறும்.

ஒலிக்கு வருவோம். போனை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து அதன் மைக்கிலேயே பதிவு செய்வதுதான் மாணவர் வீடியோக்களில் நடக்கும் பெரிய தவறு. தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். 'கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி' கேட்பது இதனால்தான். எடிட்டிங்கில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். மருந்து ஒன்றுதான், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டும். காலர் மைக் என்றால் மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நடு நெஞ்சில், துணியும் சங்கிலியும் உரசாத இடத்தில். காலர் மைக் இல்லையென்றால் இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, பிரேமுக்கு வெளியே, வாயிலிருந்து ஓர் அடி தூரத்தில் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். புளூடூத் இயர்போனின் மைக்கை நம்பாதே. பெரும்பாலும் அது போன் பேச்சுத் தரத்துக்கு ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும்.

ஒலியைத் தனியாக எடுக்கும்போது ஒவ்வொரு டேக்கின் (ஒரு முறை எடுக்கும் பதிவின்) ஆரம்பத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒரு முறை கை தட்டச் சொல். ஒலி அலையில் அந்தத் தட்டல் ஊசி மாதிரி ஒற்றைக் கூராக எழும்பி நிற்கும். படத்தில் இரண்டு உள்ளங்கையும் ஒட்டும் பிரேமைத் தேடி, அந்த ஊசி முனையை அதன் நேர் கீழே கொண்டுவந்தால் உதடும் குரலும் பொருந்திவிடும். மீட்டரில் பேச்சின் உச்சம் -12 முதல் -6 டெசிபலுக்குள் இருக்கட்டும். 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும், அதைச் சரிசெய்வது மிகக் கடினம். கொஞ்சம் குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம். மின்விசிறியை அணை, காலி வகுப்பறையைத் தவிர்த்துத் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் உள்ள அறையாகப் பார். கிளம்புவதற்கு முன் எல்லாரும் பேசாமல் நின்று, அந்த அறையின் வெறும் ஒலியை முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். இரண்டு வெட்டுக்கு நடுவே முழு நிசப்தம் விழுந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். அந்த ஓட்டையை அடைக்க இந்த முப்பது விநாடிதான் கைகொடுக்கும்.

அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே காப்பி செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிட கேபிள் நல்லது. பழைய பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும். ஃபைல் பெயரில் தேதி, பேசியவர், டேக் எண் மூன்றும் வரட்டும். இரண்டு வேறு கருவிகளில் காப்பி இருந்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும்.

போன் வெளிச்சத்துக்கு ஏற்ப பிரேம் ரேட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். இதனால் சில மென்பொருள்களில் ஆரம்பத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு, போகப்போகக் குரலை விட்டு விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பிரேம் ரேட்டை நிலையானதாகத் தேர்ந்து மாற்றிக்கொண்டு, பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுபோ. அசல் ஃபைல்களைத் தொடாதே. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே உங்களுக்குத் தாராளம். அதில் முதல் கிளிப்பை உள்ளே இழுப்பதற்கு முன்னாலேயே பிராஜெக்ட்டின் பிரேம் ரேட்டைச் சரிபார்த்துவிடு, அப்புறம் மாற்ற விடாது. இன்னொன்று, எடிட்டிங் பிராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது. வீடியோ எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கும். தோழிக்கு அந்த ஃபைலை மட்டும் அனுப்பினால் அவள் திரையில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாகத்தான் வரும். ஃபோல்டரோடு கொடு.

வெட்டத் தொடங்கும் முன் பேட்டிகளை முழுவதும் கேட்டு, நேரக் குறிப்போடு எழுத்தில் இறக்கு. தேர்ந்த வாக்கியங்களைத் தாளில் வரிசைப்படுத்து. டைம்லைனில் (மென்பொருளில் துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) முதலில் ஒலியை மட்டும் கட்டி, கண்ணை மூடிக் கேள். வானொலி நிகழ்ச்சியாகக் கேட்டாலே புரிகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பிறகு படங்களை அதன் மேல் போடு.

இங்கேதான் நீ ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்: "பேப்பர் படிக்கிறதே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஹாஸ்டல்ல இருந்தா எடுத்துப் பார்ப்பேன்." 'இல்ல' என்ற இடத்தில் கத்தரி வைத்தால் "பேப்பர் படிக்கிறதே இல்ல" என்று நிற்கும். தமிழில் வாக்கியத்தின் தீர்ப்பு கடைசியில்தான் வருகிறது. வாலை நறுக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். வெட்டின இடத்தின் மேல் செய்தித்தாள் அடுக்கு ஒன்றின் படத்தைப் போட்டுவிட்டால் வெட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி என்று வேறு வேறு படங்களோடு ஒட்டினால் பார்ப்பவர்கள் அந்த முகத்தில் வேறு வேறு உணர்ச்சியைப் படிக்கிறார்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டினார். நீங்கள் பேட்டி எடுக்கும் மாணவர்கள் போனில் பார்க்கும் இருபது விநாடிச் செய்தித் துணுக்குகளிலும் இதே கத்தரிதான் ஓடியிருக்கும். ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டிய வாக்கியத்தைப் பேசியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் 'ஆமா, நான் சொன்னது இதுதான்' என்பாரா? சந்தேகம் இருந்தால் வாலோடு போடு, ஐந்து விநாடி நீளட்டும்.

உன் அனுபவக் கட்டுரைக்குச் சரக்கும் இங்கேதான் இருக்கிறது. 'குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன்' என்ற வரியை எல்லாரும் எழுதுவார்கள். நீ ஒரே ஒரு வெட்டை எடுத்துக்கொள். அவர் முழுதாகச் சொன்னது, நீங்கள் வைத்தது, விட்டது, ஏன் விட்டீர்கள், யார் மறுத்தார்கள் என்று எழுது. அதற்கு முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு, எடுத்த முடிவையும் காரணத்தையும் இரண்டு வரியில் குறித்துவா. கடைசி வாரத்தில் நினைவிலிருந்து எழுத முடியாது.

பின்னணி இசையில் 'முப்பது விநாடிக்குள் எடுத்தால் காப்புரிமை வராது' என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒரு விநாடிக் கணக்கு இல்லை. படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசை தேடும்போதும் உரிமத்தைப் படி. 'என்டி' என்று போட்டிருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது என்று பொருள்; அந்த உரிமங்களின்படி இசையைப் படத்தோடு இணைப்பதே மாற்றம்தான். அதனால் அந்த இசை உங்களுக்கு ஆகாது. 'பிஒய்' என்றால் இசையின் பெயர், இசைத்தவர், எங்கே கிடைத்தது, எந்த உரிமம் என நான்கையும் இறுதியில் போட வேண்டும். பேச்சுக்கு அடியில் இசை 15, 20 டெசிபல் தாழ்ந்தே இருக்கட்டும்.

தமிழ் எழுத்தைத் திரையில் போடும்போது சில மென்பொருள்களில் 'கொ', 'கை' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நிற்கும். மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடு. இல்லாவிட்டால் தலைப்பை வேறொரு செயலியில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவா. சப்டைட்டில் வரிகளை நேரத்தோடு வைத்திருக்கும் எஸ்ஆர்டி ஃபைலை, எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமி, வேறு முறையில் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

கடைசி ஏற்றுமதிக்கு, அதாவது முடிந்த வீடியோவை ஒரே ஃபைலாக வெளியே எடுப்பதற்கு, எச்.264 சுருக்க முறை, எம்பி4 ஃபைல், 1080பி, 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) போதும். ஐந்து நிமிடத்துக்கு 300 எம்பி அளவுக்கு வரும். சமர்ப்பிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றுமதி செய். அந்த ஃபைலையே, டைம்லைனை அல்ல, முதலிலிருந்து முடிவுவரை போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஹெட்போனில் ஒருமுறை பார். குழுவின் திருத்தங்கள் எல்லாம் 'இரண்டாவது நிமிடம் பதினான்காவது விநாடி' என்று நேரத்தோடு வரட்டும். 'நடுவுல கொஞ்சம் இழுக்குது' என்று சொன்னால் எடிட் செய்பவர் எங்கே தேடுவார்?

பேட்டிக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் இந்த வீடியோ எங்கே காட்டப்படும், இணையத்தில் போடுவீர்களா என்பதைச் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேமராவிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த இரண்டு நாள் இடைவெளியில் முடிந்த வீடியோவைப் பேசிய ஆறு பேருக்கும் அனுப்பு. யாராவது 'இதை எடுத்துவிடுங்கள்' என்றால் எடுத்துவிட நேரம் இருக்கும். ஸ்கிரிப்ட் தயாரானதும் கேள்விகளோடு சேர்த்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு, படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா