தூக்கிப் போடச் சொன்ன கம்ப்யூட்டர்

திருமங்கலம்

அன்புள்ள மாப்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானா? அம்மாவுக்கு அரவிந்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் யார் யாரை முறைக்கிறார்கள் என்று எனக்கே விளக்கம் சொல்கிறது.

கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு லேப்டாப் வாங்கச் சொல்கிறாய். நானும் டவுன்ஹால் ரோடு வரை போய் விலை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் என் பிழைப்பு கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்து நோட்டீசும். லேப்டாப் திரையில் பத்திரிகையை விரித்துப் பார்த்து அடிக்கக் கண் தாங்காது. பெரிய மானிட்டரும் தனிக் கீபோர்டும் எப்படியும் வேண்டும் என்றால், அப்புறம் லேப்டாப் எதற்கு? கரண்ட் போனாலும் ஓடுமே என்பாய். சரிதான், ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு அன்றைக்கு என் பிரிண்டரும் சேர்ந்துதானே படுத்துவிடுகிறது!

கேபினட்டைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளைக்குள் பல்லி முட்டை ஓடு, பிராசஸர் ஃபேனில் தூசி அப்பிக் கிடந்தது. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போனதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி. அதை மாற்ற டீ, வடை காசுதான் ஆனது.

மெதுவாக ஓடுவதற்குப் பிராசஸரைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் ஹார்ட் டிஸ்க் பண்ணும் வேலை. சுற்றும் தட்டில் ஒவ்வொரு ஃபைலையும் ஹெட் தேடிப் போகப் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். என்னுடையது எச்61 என்ற பழைய மாடல் போர்டு, டிஸ்க்கை இணைக்கும் வழி சாட்டா 2 வேகம்தான், செகண்டுக்கு 300 எம்பி தாண்டாது. அதனால் விலை கூடிய எஸ்எஸ்டி போடுவது காசுக்குக் கேடு, சாதாரண 256 ஜிபி போதும். போர்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. புதுத் தலைமுறை போர்டு போட்டால் பிராசஸர் மாறணும், இப்போதுள்ள டிடிஆர்3 என்ற பழைய வகை ராமும் செல்லாது. அதற்குப் புதுசே வாங்கிவிடலாம்.

உறுத்துவது விண்டோஸ்தான். என்னுடையதில் ஓடும் விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் எட்டாம் தலைமுறை இன்டெல்லாவதும் வேண்டும். என்னுடையது மூன்றாம் தலைமுறை ஐ3. பழைய எழுத்துருக்களும் பேஜ்மேக்கர் என்ற பழைய டிசைன் சாஃப்ட்வேரின் ஃபைல்களும் கிடப்பதால், விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச லினக்ஸ் பக்கமும் போக முடியாது. ஆகவே டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொண்டு நெட்டைப் பிடுங்கிவிடப் போகிறேன். பேங்க், வாட்ஸ்அப் எல்லாம் போனிலேயே நடக்கட்டும். கஸ்டமர் கொண்டுவரும் பென்டிரைவில் வைரஸ் வருமோ என்றுதான் கொஞ்சம் பயம்.

மகள் கல்லூரி சேரும்போது அவளுக்கு லேப்டாப் வாங்கிக்கொள்ளலாம். அப்போதும் ராமை போர்டிலேயே பற்றவைத்த மாடலை வாங்க மாட்டேன், பின்னால் கூட்ட வழியில்லாமல் போய்விடும்.

உன் ஆபீசில் பழைய மெஷின்களைக் கழிக்கிறார்கள் என்றாயே, டிடிஆர்3 4 ஜிபி ஒன்று கிடைத்தால் கேட்டு வாங்கி, சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது எடுத்து வா. இருக்கிற நாலோடு சேர்த்து எட்டாக்கிவிடலாம். நீளமான ராமாகப் பார்த்து எடு, லேப்டாப்பில் போடும் குட்டையானது இதில் உட்காராது.

அன்புடன்,
செல்வம்