பிள்ளை எழுதுவதை யார் படிக்கிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வழக்குகளில் சிக்கிய சிறார்களின் தற்கொலைகளைத் தடுக்கக் கைபேசிச் செயலிகள் உதவும் என்ற கட்டுரையைச் சென்ற இதழில் படித்தோம். நோக்கத்தில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதே வயதுள்ள மற்றவர்களைவிட அதிகம். மனநல மருத்துவரிடம் போகவே போகாத பிள்ளையின் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் கட்டுரை சிறப்பாகச் சொன்ன வசதி ஒன்று எங்களைக் கவலைப்பட வைக்கிறது. பிள்ளை தினமும் பதியும் மனநிலை அப்படியே நன்னடத்தை அலுவலரின் திரைக்குப் போகுமாம். அது ஒன்றே போதும், அந்தச் செயலி செல்லாக்காசாகிவிட.

பிள்ளையை வெளியே விடும்போது நீதிமன்றம் விதித்த நிபந்தனை மீறப்பட்டால் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் அந்த அலுவலர்தான். 'தூக்கம் வராமல் ராத்திரி வெளியே போய்விட்டேன்' என்று பிள்ளை எழுதினால் அது ஒரு மீறல். 'குடித்தேன்' என்றால் இன்னொரு மீறல். சாக வேண்டும் போலிருக்கிறது என்று எழுதினால் மறுபடி உள்ளே போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆகவே பிள்ளை தினமும் 'நன்றாக இருக்கிறேன்' என்பதை அழுத்திவிட்டுப் போகும். அலுவலரும் அதை நம்பி நிம்மதியாக இருப்பார். செயலியே இல்லாதிருந்தால் நேரில் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்.

பிள்ளை எழுதுவது போனிலேயே இருக்கட்டும். எதை, யாருக்குக் காட்டுவது என்று அந்தப் பிள்ளை முடிவு செய்யட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதையும் முதல் நாளே எளிய வார்த்தைகளில் சொல்லிவிட வேண்டும். பதிவுகள் வழக்கில் ஆதாரமாகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். இருப்பிடத்தை அறியும் அனுமதியைச் செயலி கேட்கவே கூடாது. 'உதவி' பொத்தானை இரவு 2 மணிக்கு அழுத்தினால் அதை யார் பார்ப்பார் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 24 மணி நேரமும் பார்க்க ஆள் இல்லையென்றால் அந்தப் பொத்தான் யாருக்கும் செய்தி அனுப்பக் கூடாது, நேரே உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

செயலிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் குழப்பம் தேவையில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் இருவரும் வகுத்த, நெருக்கடி நேரத்தில் பார்த்துச் செய்ய முன்கூட்டியே எழுதிவைக்கும் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. நெருக்கடி வருவதற்கான அறிகுறிகள், தனியாகவே செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை, கவனத்தை மாற்றும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கத் தகுந்த சொந்தங்கள், தொழில்முறை உதவி, சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது என்று ஆறு படிகள். அமெரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வந்த பெரியவர்களிடம் இதைப் பயன்படுத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தை (முயற்சி போன்றவை), வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சுமார் 45 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் அங்கே திட்டத்தை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. வீடு திரும்பிய பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த அழைப்பை விட்டுவிட்டுச் செயலியை மட்டும் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

திட்டத்தை நிரப்பப் பிள்ளையைத் தனியே விட்டுவிடக் கூடாது. பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். 20 முதல் 45 நிமிடங்கள் ஆகும். வழக்கில் உள்ள பிள்ளைகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. நம்பகமான நண்பன் என்று எழுதும் பெயர், பேசக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்த உடன் குற்றம் சாட்டப்பட்டவனாக இருக்கும். 'மைதானத்துக்குப் போவேன்' என்று எழுதினால், இரவில் வெளியே போகத் தடை இருக்கும். அப்பா பெயரை எழுதினால், புகார் கொடுத்தவரே அவராக இருப்பார். ஒவ்வொரு வரியையும் நிபந்தனை உத்தரவோடு ஒத்துப் பார்த்தால்தான் நெருக்கடி நேரத்தில் அது பயன்படும். ஆறாவது படியைச் செயலியால் செய்யவே முடியாது. மாத்திரை போன்றவற்றைப் பூட்டி வைக்க வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும், அவரிடம் நேரில் பேச வேண்டும்.

போனும் நிலையாக இருப்பதில்லை. ரீசார்ஜ் தீரும், எண் மாறும், திரை உடையும்; சில நேரம் போலீஸே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே செயலி இணையம் இல்லாமலும் பழைய போனிலும் ஓட வேண்டும். படிக்கத் தடுமாறும் பிள்ளைக்குக் குரலில் சொல்ல வேண்டும். போன் முகப்பில் செயலியின் பெயரும் படமும் அது எதற்கானது என்பதை வெளிப்படையாகக் காட்டக் கூடாது. இவ்வளவு செய்தாலும் திட்டத்தின் அச்சுப் பிரதி ஒன்று பிள்ளையிடமும், ஒன்று நம்பும் பெரியவரிடமும் இருக்கட்டும்.

தினசரி நினைவூட்டலை நம்பிப் பயனில்லை. 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றில் பாதிச் செயலிகளில், நிறுவியவர்களில் 15ஆம் நாள் திறந்து பார்த்தவர்கள் 4 விழுக்காடுகூட இல்லை. விசாரணைத் தேதிக்கு முந்தைய நாள், தீர்ப்பு நாள், பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட நாள், விடுதலையான வாரம் ஆகியவற்றில் ஒரு மனிதர் கூப்பிட்டு 'திட்டத்தைத் திறந்து பார்த்தாயா?' என்று கேட்பதே பலன் தரும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று அலுவலர்கள் தயங்குகிறார்கள். அப்படி நடப்பதில்லை; தாராளமாகக் கேட்கலாம்.

அடைத்து வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் போன் இருக்காது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அங்கே வந்து சேர்ந்த உடனே சோதித்தறிவதுதான் வழி. சிறார்களின் மனநலச் சிக்கல்களை விரைவாகக் கண்டறியும் மேசி-2 என்ற வினாத்தாளில் ஆம்/இல்லை கேள்விகள் 52, அவற்றில் 5 தற்கொலை எண்ணம் பற்றியவை. முடிக்க ஏறக்குறைய 10 நிமிடங்கள். ஆபத்து தெரிந்தால் தனி அறையில் பூட்டக் கூடாது. அமெரிக்காவில் சிறார்களை அடைத்து வைக்கும் இல்லங்களில் 1995 முதல் 1999 வரை நடந்த தற்கொலைகளை லிண்ட்ஸே ஹேய்ஸ் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த நேரத்தில் அறையில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். உள்ளே காகிதத்தில் எழுதிய திட்டத்தை, வெளியே வரும் நாளன்று வாசலைத் தாண்டும் முன்பே போனில் ஏற்றிவிட வேண்டும். அப்போது ஆட்களையும் இடங்களையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

உதவி எண்களைப் பற்றி ஒன்று. தற்கொலைத் தடுப்பு, மனச்சோர்வுச் செயலிகள் 69ஐ 2019இல் ஆராய்ந்தபோது ஆறில் தவறான எண் இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. செயலியை நடத்துபவர்கள் மாதம் ஒருமுறையாவது அந்த எண்களை அழைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கட்டுரையோடு எந்த உதவி எண்ணும் அச்சாகவில்லை. இனி இப்பொருள் பற்றி வெளியிடும்போதெல்லாம், அச்சுக்குப் போகும் முன் அழைத்துச் சரிபார்த்த எண்ணைக் கட்டுரையின் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கில் சிக்கிய சிறார்களுடன் பணியாற்றும் உளநல ஆலோசகர்கள்